எலும்பு கூடினால் போதுமா?



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. பாசி படிந்த கிணற்றடி, ஈரம் காயாத மாடிப்படி, சேறாகிக் கிடக்கும் தெருமுனையில் சறுக்கும் ஸ்கூட்டர் என்று கால் பிசகுவதற்கு எத்தனையோ வழிகள் திறந்திருக்கும் மாதங்கள் இவை. உடல்நலம் பற்றி நம் இதழுக்கு வரும் கடிதங்களில், கணுக்கால் முறிவு கண்டவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதுகிறார்கள். "எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாவுக்கட்டும் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் கால் பழைய கால் மாதிரி இல்லை. படி இறங்கும்போது மடங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

இவர்களில் பலரை வீட்டில் உள்ளவர்களே நம்புவதில்லை. எக்ஸ்ரேயில் கோடு மறைந்துவிட்டது, இன்னும் என்ன வலி என்று கேட்கிறார்கள். வலிப்பவர் பொய் சொல்லவில்லை. எக்ஸ்ரேயும் பொய் சொல்லவில்லை. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், எலும்புகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் ஜவ்வைக் காட்டாது. கணுக்கால் முறிவில் பாதிக் கதை ஜவ்வில்தான் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

உட்கார்ந்த இடத்திலேயே உங்கள் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். இருபுறமும் இரண்டு குமிழ்கள் தட்டுப்படும். உள்பக்கக் குமிழ், கீழ்க்காலின் தடித்த எலும்பான டிபியாவின் கடைசி முனை. வெளிப்பக்கக் குமிழ், மெலிந்த எலும்பான ஃபிபுலாவின் முனை. வெளிக்குமிழ் உள்குமிழைவிடச் சற்றுத் தாழ இறங்கியிருப்பதும் விரலுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே, கதவு நிலைக்குள் கதவு பொருந்துவதைப்போல, டேலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. நாம் நடக்கும்போது மேலும் கீழும் அசைவது அதுதான். டேலஸின் மேல் ஒரு தசைகூட ஒட்டவில்லை. அது தன் இடத்தில் நிற்பதற்குச் சுற்றியுள்ள எலும்புகளின் வடிவமும் ஜவ்வுகளின் பிடிப்பும்தான் காரணம்.

ஜவ்வுகள் மூன்று கூட்டமாக இருக்கின்றன. வெளிப்பக்கம் மூன்று பட்டைகள். சாதாரணச் சுளுக்கில் பெரும்பாலும் அடிபடுவது இவற்றில் முன்னால் இருப்பது. உள்பக்கம் விசிறிபோல விரிந்த டெல்டாய்ட் ஜவ்வு. அதற்கு மேலோட்டமான அடுக்கு ஒன்று, ஆழமான அடுக்கு ஒன்று. டேலஸ் வெளிப்பக்கம் நழுவாமல் பிடித்துக்கொள்வதில் ஆழமான அடுக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. மூன்றாவது கூட்டம் குமிழ்களுக்குச் சற்று மேலே, டிபியாவையும் ஃபிபுலாவையும் முன்னும் பின்னும் நடுவிலும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. டாக்டர்கள் இதை சின்டெஸ்மோசிஸ் என்பார்கள். இது விட்டுப்போனால் இரண்டு எலும்புகளும் அகன்று, டேலஸ் உட்காரும் இடம் விரிந்துவிடும்.

எலும்பு மருத்துவர்கள் இந்த எலும்புகளையும் ஜவ்வுகளையும் சேர்த்து ஒரு வளையமாகவே பார்க்கிறார்கள். வளையம் ஓரிடத்தில் மட்டும் விட்டிருந்தால் மூட்டு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இரண்டு இடத்தில் விட்டால் நிலைகுலைந்துவிடும். அந்த இரண்டாவது இடம் எலும்பாக இருந்தால் படத்தில் தெரியும். ஜவ்வாக இருந்தால் தெரியாமலே போகலாம். இந்த ஒரு சங்கடத்தைச் சுற்றித்தான் மருத்துவர்கள் இரண்டரை நூற்றாண்டாகப் போராடி வருகிறார்கள்.

முதலில் இதைத் தெளிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் பெர்சிவல் பாட். லண்டன் செயின்ட் பர்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர். புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு வரும் புற்றுநோய்க்கும் புகைக்கரிக்கும் உள்ள தொடர்பை 1775-ல் எடுத்துச் சொன்னவரும் இவர்தான். 1756-ன் குளிர்காலத்தில் குதிரையிலிருந்து விழுந்து அவருடைய காலே முறிந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் தூக்க வந்தார்கள். அவர் தொட விடவில்லை. ஒரு கதவை விலைக்கு வாங்கி வரச் சொல்லி, அதைக் கம்புகளில் அடித்துப் பொருத்தச் செய்து, காலை அசைக்காமல் அதன்மேல் கிடந்தே வீடு போய்ச் சேர்ந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் தோல் கிழிந்த முறிவு என்றால் காலை எடுத்துவிடுவதே வழக்கம். கூடிய மருத்துவர்களும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். அவருடைய பழைய ஆசான் எட்வர்ட் நர்ஸ் வந்து பார்த்து, காலைக் காப்பாற்ற முயலலாம் என்றார். கால் பிழைத்தது. முறிந்த உறுப்பை எப்படித் தூக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய அந்தப் பிடிவாதம் இன்றைக்கும் நமக்குப் பாடம். விபத்து நடந்த இடத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

அவர் முறித்துக்கொண்டது கணுக்கால் என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். அது கீழ்க்கால் எலும்பு. ஆனால் 1768-ல் வெளிவந்த தம் நூலில் கணுக்காலைப் பற்றி அவர் எழுதியது இன்னும் நிற்கிறது. ஃபிபுலா, கணுக்காலுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே முறிகிறது. அதோடு உள்பக்க ஜவ்வும் அறுந்துவிடுகிறது. அதனால் பாதம் வெளிப்பக்கம் சரிந்துவிடுகிறது. இழுத்து நேராக்கினாலும் நிற்காமல் மறுபடி நழுவுகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் முன்னால், கையால் தொட்டே இதை அவர் உணர்ந்திருக்கிறார். முறிவு வெளிப்பக்கம், பிடி விட்டது உள்பக்கம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகளின்மேல் மரியாதை கூடுகிறது.

அடுத்து, டென்மார்க்கின் நீல்ஸ் லாகே-ஹான்சன். உடலிலிருந்து அகற்றப்பட்ட கால்களை எடுத்து, கணுக்காலை வெவ்வேறு விதமாகத் திருகி, எது முதலில் விடுகிறது, எது அடுத்து விடுகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொண்டார். 1950-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய கட்டுரை உலகம் முழுவதும் எலும்பு மருத்துவம் படிப்பவர்களுக்குப் பாடமானது. அவர் சொன்ன வகைகளில் மிக அதிகமாகக் காணப்படுவதை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். மாடிப்படியில் தவறுபவர்களில் பலருக்கு நேர்வது இதுதான்.

பாதம் உள்பக்கம் சாய்ந்தபடி தரையில் ஊன்றியிருக்கிறது. மேலே உடல் திரும்பிவிடுகிறது. உள்ளே டேலஸ் திருகிக்கொண்டு ஃபிபுலாவை வெளியே தள்ளுகிறது. முதலில், இரண்டு எலும்புகளையும் முன்னால் கட்டியிருக்கும் ஜவ்வு கிழிகிறது. இரண்டாவதாக, ஃபிபுலா சாய்வாக முறிகிறது. விசை அங்கேயே தீர்ந்துவிட்டால் அதிர்ஷ்டம். தீராவிட்டால், மூன்றாவதாகப் பின்பக்க ஜவ்வு கிழிகிறது, அல்லது அது ஒட்டியிருக்கும் டிபியாவின் பின்முனை பெயர்கிறது. நான்காவதாக உள்பக்கம். அங்கே ஒன்று உள்குமிழ் எலும்பு உடையும், அல்லது டெல்டாய்ட் ஜவ்வு அறும். இவ்வளவும் நடந்து முடியக் கண் இமைக்கும் நேரம் போதும்.

இரண்டாம் கட்டத்தோடு நின்றுபோன கணுக்காலையும், நான்காம் கட்டம் வரை போய் டெல்டாய்ட் அறுந்த கணுக்காலையும் மேசைமேல் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு படமும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். இரண்டிலும் ஃபிபுலாவில் ஒரு சாய்ந்த கோடு. டேலஸ் தற்காலிகமாகத் தன் இடத்திலேயே இருக்கும். ஆனால் ஒருவர் அறுவை இல்லாமல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தே குணமாகிவிடலாம். மற்றவர் காலூன்றினால் டேலஸ் வெளிப்பக்கம் நகரக்கூடும். உள்குமிழ் எலும்பே உடைந்திருந்தால் யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். ஜவ்வு அறுந்து எலும்பு முழுதாக இருப்பவர்தான் தப்பிப்போகிறார். "வெளியில மட்டும் ஒரு சின்ன கிராக்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

லாகே-ஹான்சன் சொன்ன வரிசை எல்லாக் கால்களிலும் அப்படியே பொருந்துவதில்லை என்பது பின்னால் வந்த எம்ஆர்ஐ ஆய்வுகளில் தெரிந்தது. உயிருள்ள கால், ஓட்டத்தில் விழும் கால், எடை தாங்கியபடி திருகும் கால் எல்லாம் ஆய்வுக்கூடத்துக் காலைப்போல நடந்துகொள்வதில்லை. ஆனாலும் அவர் கற்றுக்கொடுத்த பார்வை மாறவில்லை. எலும்பு முறிந்த இடத்தைப் பார்த்தவுடன், இந்த விசை வேறு எதையெல்லாம் கிழித்திருக்கும் என்று யோசிக்கிற பார்வை அது.

டேலஸ் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் என்ன என்று தோன்றும். 1976-ல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் இறந்தவர்களின் கால்களில் அளந்து பார்த்தார்கள். டேலஸ் வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தபோது, டிபியாவோடு அது தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. அதே எடையை ஏறக்குறையப் பாதிப் பரப்பு தாங்கவேண்டி வருகிறது. சோதனை செய்த முறையைப் பற்றிப் பின்னால் விவாதங்கள் எழுந்தன, எண்ணும் சோதனைக்குச் சோதனை மாறியது. ஆனால் சிறு நகர்வும் இந்த மூட்டுக்குப் பெரிது என்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கணுக்காலின் குருத்தெலும்பு முழங்காலில் இருப்பதைவிட மெல்லியது. முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்கால் தேய்மானமோ பெரும்பாலும் பழைய காயத்தின் தொடர்ச்சியாக வருவது. நாற்பது வயதில் விழுந்தவர் ஐம்பத்தைந்தில் கால் வீங்கி நிற்பதற்கு இந்த மில்லிமீட்டர் கணக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜவ்வு அறுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? உள்குமிழுக்குக் கீழே வீக்கமும் இரத்தக்கட்டும் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் வலியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. உள்பக்கம் வலித்தும் மூட்டு உறுதியாக இருப்பவர்கள் உண்டு, அதிகம் வலிக்காமலே ஜவ்வு அறுந்தவர்களும் உண்டு. அதனால்தான் மூட்டைச் சோதித்துப் படம் எடுக்கிறார்கள். அடிபட்ட பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, கணுக்கால் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு எடுப்பது ஒரு முறை. பாதத்தின் எடையே டேலஸை வெளிப்பக்கம் இழுக்கும். பிடிப்பு இல்லையென்றால் உள்குமிழுக்கும் டேலஸுக்கும் நடுவே இடைவெளி அகலும். அந்த இடைவெளி பொதுவாக 4 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். இன்னொரு முறை, ஒரு வாரம் போல் பொறுத்து, நோயாளியையே நிற்க வைத்து எடை தாங்கியபடி எடுப்பது. தொங்கவிட்ட படத்தில் அகன்று தெரியும் சில கணுக்கால்கள், நின்று எடுத்த படத்தில் அசையாமல் இருக்கின்றன. ஆழமான அடுக்கில் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அது தாங்கிக்கொள்கிறது. அதனால் நிற்க வைத்து எடுக்கும் படத்துக்கு இப்போது மதிப்பு கூடிவருகிறது. எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. சாதாரண எக்ஸ்ரே அறையிலேயே, ஒரு யோசனையோடு எடுத்தால், இவ்வளவும் தெரிந்துவிடும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் சிறு நகரங்களுக்கு இது நல்ல செய்தி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிலருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும், ஆனால் கணுக்கால் எக்ஸ்ரேயில் முறிவே தெரியாது. ஃபிபுலா முழங்காலுக்குச் சற்றுக் கீழே, அதன் மேல்முனையருகே முறிந்திருக்கும். திருகிய விசை கீழே ஜவ்வுகளைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறிப்போய் அங்கே எலும்பை முறித்திருக்கும். பிரெஞ்சு மருத்துவர் மேசொன்னெவ் 1840-ல் விவரித்தது. அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. கணுக்கால் சுளுக்கு என்று போனவர், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தொட்டால் வலிக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். நாம் சொல்லாவிட்டால் அந்த இடம் படத்துக்குள்ளேயே வராது.

சிகிச்சையில் நம் மக்களிடம் இரண்டு விதமான தவறான எண்ணம் இருக்கிறது. முறிவு என்றாலே பிளேட் வைத்துவிடுவார்கள் என்று பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் ஒரு சாரார். மூட்டு உறுதியாக இருந்தால் அறுவையே வேண்டாம் என்பதை இவர்களுக்குச் சொல்லவேண்டும். 2019-ல் வெளிவந்த ஃபின்லாந்து ஆய்வு ஒன்றில், ஃபிபுலா மட்டும் முறிந்து மூட்டு உறுதியாக இருந்த 247 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு, ஒரு குழுவுக்கு மூன்று வாரம் மாவுக்கட்டு, ஒரு குழுவுக்கு மூன்று வாரம் கழற்றி மாட்டும் உறை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்று வாரக்காரர்கள் ஆறு வாரக்காரர்களைவிடப் பின்தங்கவில்லை. உறுதியான மூட்டை அநாவசியமாக நெடுநாள் பூட்டி வைக்கத் தேவையில்லை.

இன்னொரு சாரார், பிளேட் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள். நிலைகுலைந்த மூட்டில் பிளேட்டும் ஸ்க்ரூவும் எலும்பைச் சேர்க்கின்றன. அதற்குப் பிறகும், மேசையிலேயே ஃபிபுலாவைக் கொக்கிபோட்டு இழுத்துப் பார்த்து, இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள கட்டு விட்டிருக்கிறதா என்று அறுவை மருத்துவர் சோதிப்பார். விட்டிருந்தால் குறுக்கே ஸ்க்ரூ போடுவார், அல்லது உறுதியான நூலும் பொத்தானும் கொண்டு கட்டுவார். டிபியாவின் பின்முனைத் துண்டு பெரிதாக இருந்தால்தான் பொருத்தவேண்டும் என்று முன்பு கருதினார்கள். பின்பக்க ஜவ்வு அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கிறது, அதைப் பொருத்தினால் ஜவ்வின் பிடிப்பும் திரும்பும் என்பதால், சிறு துண்டையும் இப்போது பலர் விடுவதில்லை. அறுந்த டெல்டாய்டைத் தைக்கவேண்டுமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. வெளிப்பக்கம் சரியாகப் பொருந்தி டேலஸ் தன் இடத்துக்கு வந்துவிட்டால் அதைத் தானே ஆறவிடுவார்கள் பலர்.

எண்ணெய் போட்டு நீவுவதைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கட்டு வைத்தியம் செய்பவர்களிடம் தலைமுறை தலைமுறையாக நம் குடும்பங்கள் போய் வந்திருக்கின்றன. அந்த நம்பிக்கையை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் வீங்கிய கணுக்காலை நீவுவதும், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. ஜவ்வு அறுந்த மூட்டை நீவினால் டேலஸ் மேலும் நகரலாம். இறுக்கமான கட்டு இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்ரே எப்போது அவசியம் என்பதற்கு கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வகுத்த எளிய விதி ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. கணுக்காலைப் பொறுத்தவரை, இரண்டு குமிழ்களில் எதிலாவது, அதன் முனையிலோ பின் விளிம்பில் 6 செ.மீ. உயரம் வரையிலோ எலும்பை அழுத்தினால் வலிக்கவேண்டும், அல்லது விழுந்தவுடனும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் இருக்கவேண்டும். இரண்டில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுத்தாகவேண்டும். சர்க்கரை நோயால் காலில் மதமதப்பு உள்ளவர்களுக்கு இந்த விதியை நம்பக்கூடாது. அவர்கள் முறிந்த காலோடு வலியில்லாமல் நடந்து மூட்டையே குலைத்துக்கொள்ளக்கூடும். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், வலிக்கவில்லை என்று அவர் சொன்னாலும், வீக்கமும் சூடும் தெரிந்தாலே அழைத்துப் போங்கள். அவர்களுக்கு மாவுக்கட்டும் வழக்கத்தைவிட நெடுநாள் தேவைப்படும்.

இனி, கடிதம் எழுதியவர்களின் அந்த மடங்கும் பயத்துக்கு வருகிறேன். ஜவ்வு வெறும் கட்டுக்கயிறாக மட்டும் வேலை செய்வதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் அதற்குள் இருக்கின்றன. ஜவ்வு கிழிந்தால் அந்தச் செய்தியும் தடுமாறும். பல வாரம் அசையாத தசைகளும் இளைத்திருக்கும். அதனால்தான் எலும்பு கூடிய பிறகும் கால் தன்னுடையதல்ல என்று தோன்றுகிறது. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலால் மட்டும் நிற்கப் பழகுவது, பிறகு பிடியை விடுவது, குதிகாலை ஏற்றி இறக்குவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சிகள் இந்த உணர்வையும் தசையையும் மீட்டெடுக்கத்தான். குந்தி உட்காரவும் சம்மணம் போடவும் நம்மவர்களுக்குக் கணுக்கால் நன்றாக மடங்கவேண்டும். இந்தியக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறவர், வயலில் குந்தி வேலை செய்கிறவர் அதை முதல் நாளே பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிவிடவேண்டும். மேல்நாட்டுப் பயிற்சி அட்டவணையில் அது இருக்காது. பயிற்சிகளை விடாமல் செய்தும் மாதக்கணக்கில் கால் நழுவுகிறது, வீங்குகிறது என்றால் அடங்கிப் போகாதீர்கள். இரண்டு கால்களையும் சேர்த்து சிடி ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டால், ஃபிபுலா தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியும்.

அடுத்த முறை நீங்களோ உங்கள் வீட்டாரோ கணுக்கால் எக்ஸ்ரேயோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், "எலும்பு எத்தனை நாளில் கூடும்" என்பதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். மூட்டு உறுதியாக இருக்கிறதா? உள்பக்க ஜவ்வையும் மேலே இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள கட்டையும் பார்த்தீர்களா? நிற்க வைத்து மறுபடி ஒரு படம் எப்போது எடுக்கலாம்? டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கவேண்டாம். நல்ல டாக்டர்கள் இந்தக் கேள்விகளை விரும்புவார்கள்.

உங்கள் கடிதங்கள் தொடர்ந்து வரட்டும். கணுக்கால் முறிவுக்குப் பிறகு எந்தப் பயிற்சி உதவியது, எப்போது மறுபடி குந்தி உட்கார முடிந்தது என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால், அடுத்த இதழில் ஒரு பிசியோதெரபிஸ்டின் குறிப்புகளோடு சேர்த்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்